குத்திய காதில் மஞ்சள் நீர்: சீழா, ஆறுகிற அடையாளமா?

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 3 வாரத்துக்கு முன் ஒரு நகைக்கடையில் உங்கள் 9 வயது மகளுக்கு கன் (காது குத்தும் துப்பாக்கி போன்ற கருவி) வைத்து இரண்டு காதும் குத்தியாயிற்று. கூடப் போன உங்கள் 19 வயதுத் தங்கச்சி, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர், ஒரு காதின் மேல்பக்கத்தில் குத்திக்கொண்டார். இப்போது இருவருக்கும் துளையைச் சுற்றி மஞ்சளாக ஏதோ கசிந்து காய்கிறது. கடைக்காரர் தோட்டை நாளுக்கு 3 தரம் சுற்றிவிடச் சொன்னார். மாமியார் தோட்டைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி செருகி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசச் சொல்கிறார். இன்னும் 5 வாரத்தில் வீட்டில் ஒரு கல்யாணம். அன்றைக்கு மகளுக்கு ஜிமிக்கி போடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஜிமிக்கிக்குக் கடைசியில் வருகிறேன். உங்களை உண்மையில் உறுத்துவது அந்த மஞ்சள் நீர் சீழா இல்லையா என்பதுதான். அதற்கு முன் ஒன்று: மகளுடைய காதும் தங்கச்சியுடைய காதும் ஒரே நாளில் குத்தப்பட்டவை என்றாலும் அவை இரண்டு வேறு காயங்கள். மகளுக்குச் சொல்வதையெல்லாம் தங்கச்சிக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைத் தனியாகச் சொல்கிறேன். காதைக் கண்ணால் பார்க்காமல் எழுதுவதால், கீழே சொல்லும் அபாய அறிகுறி ஒன்றாவது பொருந்தினால் இந்தப் பதிலை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குத்திய துளையிலிருந்து முதல் சில வாரங்களுக்கு மெல்லிய நீர் கசிவது இயல்பு. அது நிணநீர். கசியும்போது தண்ணீராக அல்லது வெளிறிய மஞ்சளாக இருக்கும். காய்ந்தால் தோட்டின் தண்டைச் சுற்றி, சிந்திய கித்துள் பாணி உறைந்தது மாதிரி ஒரு பொருக்கு ஒட்டிக்கொள்ளும். நாற்றம் இராது. காலையில் எழும்பும்போது கொஞ்சம் அதிகமாகத் தெரியும், வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு போகும். சீழ் அப்படியல்ல. கெட்டியாக, வெண்மஞ்சளாக அல்லது பச்சை கலந்து வரும், பெரும்பாலும் மணக்கும், துடைத்தாலும் சீக்கிரம் மறுபடி சேரும். அதோடு காது சுடும், வீங்கும், நாடி அடிப்பது போல விண்விண்ணென்று தெறிக்கும். புத்தகங்களில் 'சிவந்திருந்தால்' என்று எழுதியிருப்பது நம் தோல் நிறத்துக்கு அவ்வளவாக உதவாது. நம்மில் பலருக்கு வீங்கிய இடம் சிவப்பாகத் தெரியாமல், கருமை கூடி, தோல் இழுத்துப் பளபளப்பாகத்தான் தெரியும். அதனால் விரலின் பின்பக்கத்தால் இரண்டு காதையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள்: ஒன்று மட்டும் சுடுகிறதா? சந்தேகமாக இருந்தால் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றி போல்பொயின்ட் பேனாவால் மெல்லிய கோடு போட்டு 12 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. நீங்கள் எழுதியதில் நாற்றமோ காய்ச்சலோ இல்லை, வலியும் குறைந்து வருகிறது என்கிறீர்கள். மகளைப் பொறுத்தவரை அது ஆறுகிற காது என்றே தோன்றுகிறது.

தோட்டைச் சுற்றுவது பற்றி. துளை ஆறுவது என்றால் துளைக்குள் புதிய தோல் குழாய் போல வளர்வது. அந்தத் தோல் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தொடங்கி உள்நோக்கி வளரும், நடுப்பகுதிதான் கடைசியாக மூடும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கத்தில் இரண்டு வாயும் வெளிச்சமாக இருக்க நடுவில் கும்மிருட்டு இருக்குமே, அதே கதைதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஆறிவிட்ட மாதிரி தெரியும், உள்ளே பச்சைப் புண் இருக்கும். தோட்டைச் சுற்றும்போது தண்டில் காய்ந்த பொருக்கு அரம் போல உள்ளே போய் அந்த இளந்தோலைக் கிழிக்கிறது. வெளியே இருந்த அழுக்கையும் உள்ளே கொண்டுபோகிறது. சுற்றாவிட்டால் தோல் தோட்டோடு ஒட்டிவிடும் என்பது பழைய பயம். மழமழப்பான உலோகத்தில் தோல் ஒட்டாது, ஒட்டுவது பொருக்குதான். அதை நனைத்து ஊறவைத்தால் தானாகவே விட்டுவிடும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: தோல் மருத்துவர்கள் தரும் சில அறிவுரைகளில் இன்றும் மெதுவாகச் சுற்றச் சொல்லித்தான் இருக்கிறது. இதில் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. என் முடிவு, தொடாமல் விடுங்கள் என்பதே. சுற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் கழுவிய கையால், நனைந்து பொருக்கு போன பிறகு மட்டும் அசைக்கட்டும். காய்ந்த பொருக்கோடு சுற்றக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சுத்தம் செய்வது காலை ஒரு தரம், இரவு ஒரு தரம், அவ்வளவு போதும். சவர்க்காரம் போட்டு 20 விநாடியாவது கையைக் கழுவுங்கள், நகத்துக்கு அடியிலும். சேலைன் என்ற உப்புத் தண்ணீரில் நனைத்த கோஸ் (காயத்துக்கு வைக்கும் மெல்லிய வலைத்துணி) துண்டை மடித்து முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 2, 3 நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டிருங்கள். தேய்க்க வேண்டாம். அந்த 3 நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது, பொருக்கு ஊறி இளகுகிறது. பிறகு அதே துண்டின் சுத்தமான மடிப்பால் துளையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துவிடுங்கள். வராத பொருக்கை நகத்தால் சுரண்டாதீர்கள், அடுத்த வேளைக்கு வரும். பஞ்சைத் தவிருங்கள், அதன் இழை தண்டைச் சுற்றிக்கொண்டு திருகாணிக்குப் பின்னால் மாட்டி நிற்கும், பெரியவர்கள் கண்ணுக்குக்கூடத் தெரியாது. கடைசியாக டிஷ்யூவால் ஒற்றி உலர்த்த வேண்டும். மலைநாட்டில் பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படிதான். யாழ்ப்பாண வெயிலில் ஈரம் தானாகக் காயும். மழைக்காலத்துத் தலவாக்கலையில், மேலே கம்பளித் தொப்பியும் போட்டுவிட்டால், காதின் பின்பக்கம் நாள் முழுக்க நசநசத்துக்கொண்டிருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் ஆறாது.

சேலைன் என்பது 0.9 வீத உப்புத் தண்ணீர், அதாவது 1 லீற்றருக்கு 9 கிராம் உப்பு. பாமசியில் கிடைக்கும் மிகச் சிறிய போத்தலாக வாங்குங்கள். கோஸைப் போத்தலுக்குள் விடாமல் ஊற்றி எடுங்கள். திறந்த போத்தலைப் பல நாள் வைத்திருந்தால் அது சுத்தமான தண்ணீராக இராது. வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய தண்ணீர் 250 மில்லிலீற்றரில், அதாவது ஒரு கப்பில், தேக்கரண்டியில் கால்வாசி உப்பு, தலைதட்டி. கூட்டிப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்க வேண்டாம், உப்பு கூடினால் தோல் எரிந்து வறண்டு வெடிக்கும். அயடின் கலக்காத உப்புதான் நல்லது என்பார்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அயடின் உப்பு. அதிலிருக்கும் அயடின் மிகச் சொற்பம், அளவு பிசகுவதுதான் உண்மையான பிரச்சினை. தினமும் புதிதாகச் செய்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கொதிக்க வைப்பதைப் பற்றியும் ஒரு சொல்: உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கிருமி சாவதற்கு அந்தச் சூடு போதும், ஆனால் குமிழ் விட்டதும் இறக்காமல் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். பீலியிலிருந்து பிடித்த தண்ணீரை அப்படியே காதில் ஊற்றி, 'ஊற்றுத் தண்ணீர் சுத்தம்' என்று சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. குடிக்க ருசியாக இருப்பதும் புண்ணுக்குச் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல.

ஸ்பிரிட், டெட்டோல், ஹைட்ரஜன் பெரொக்சைட் மூன்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். குத்துவதற்கு முன் தோலைத் துடைக்க ஸ்பிரிட் சரி. குத்திய பிறகு தினமும் போட்டால் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் கொல்லும். 'எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது' என்ற நம்பிக்கையால் ஆறாமல் கிடந்த காதுகள் ஏராளம். களிம்பு ரகங்கள் துளையின் வாயை அடைத்து நிணநீரைத் தேக்கும். அதிலும் நியோமைசின், பிரமைசெட்டின் உள்ள களிம்புகள் சிலருக்கு ஒவ்வாமையையும் கொண்டுவரும். புண் பெரிதாகிறதே என்று இன்னும் கொஞ்சம் பூசுவார்கள், அதனாலேயே புண் இன்னும் பெரிதாகும்.

மஞ்சளும் தேங்காயெண்ணெயும் விஷயத்தில் மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், ஆனால் துளையில் பூசவும் வேண்டாம். மஞ்சளில் கிருமியை எதிர்க்கும் பொருள் இருப்பது ஆய்வுகூடத்தில் உண்மை. பாக்கெட்டில் வரும் மஞ்சள்தூள் சுத்திகரித்த மருந்தில்லை என்பதும் உண்மை. அதன் துகள் எண்ணெயில் குழைந்து துளைக்குள் போய் உட்கார்ந்தால் வெளியே எடுக்க வழியில்லை. போதாததற்கு எல்லாமே மஞ்சளாகிவிடுவதால் சீழ் வந்தாலும் உங்களால் அடையாளம் காண முடியாது. எண்ணெய் தேய்க்க வேண்டுமானால் தலைக்குத் தேயுங்கள், காதிலிருந்து இரண்டு விரல் தள்ளி. வேப்பங்குச்சி, ஈர்க்குச்சி இரண்டும், பொன் வாங்க முடியாத காலத்தில் துளை மூடாமல் காத்த நல்ல உபாயங்கள். பித்தளையும் கவரிங்கும் போட்டுப் புண்ணாக்குவதைவிட அன்றைக்கு அது மேலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் குச்சி ஈரத்தை உறிஞ்சி ஊதும், அதன் சொரசொரப்பில் கிருமி தங்கும், அதைக் கொதிக்க வைத்தும் முழுக்கச் சுத்தமாக்க முடியாது. அதைவிட முக்கியம், 3 வாரத்தில் தோட்டைக் கழற்றிக் குச்சியை நுழைப்பது அரைகுறையாக வளர்ந்த தோல் குழாயைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதாகும்.

இப்போது மகளின் காதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கன்னால் குத்தும்போது வண்ணத்துப்பூச்சி மாதிரியான ஒரு பூட்டு பின்னால் வந்து இறுகும். பெரும்பாலும் அது தோலை ஒட்டியே நிற்கும். குத்திய முதல் நாட்களில் காது வீங்கும், தண்டுக்கு நீளம் போதாது, பூட்டு தோலுக்குள் புதைய ஆரம்பிக்கும். பூட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றராவது வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், நனைத்துப் பொருக்கை எடுத்த பிறகு, முன்பக்கக் கல்லை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் பூட்டை மட்டும் மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, தண்டின் நுனிக்கு அருகிலுள்ள வெட்டு வரை கொண்டுவாருங்கள். முன்பக்கக் கல் உள்ளே போய்த் துளை மட்டும் தெரிந்தாலோ, பின்பூட்டின் மேல் தோல் மூடியிருந்தாலோ நீங்கள் இழுக்க வேண்டாம். விறைக்க ஊசி போட்டு எடுக்க வேண்டியது அது, ஆஸ்பத்திரியில் சில நிமிட வேலை. திருகாணி போட்ட தங்கத்தோட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு: புரி. தண்டிலுள்ள அந்தப் புரியைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் அழுக்கும் காய்ந்த நீரும் கரும்பழுப்பாக நிரம்பியிருக்கும். ஆறாத துளைக்குள் அது போகும்போது அரம் இழுப்பது போலத்தான். அதனால் திருகாணித் தோடு முழுக்க ஆறிய பிறகு மட்டும், அதுவும் பழைய பல் தூரிகையில் சவர்க்காரம் போட்டுப் புரியைத் தேய்த்துக் கழுவிய பிறகு.

அன்றாட வாழ்க்கையில் காதைக் கெடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே துவாய் என்றால் மகளின் காதை அதில் துடைக்காதீர்கள். தலையணை உறையை 2 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழையில் காயவில்லை என்று அடுப்பங்கரையில் போட்டு எடுத்த உறையில் ஈரம் ஒளிந்திருக்கும், ஸ்திரிப்பெட்டி போட்டால் ஈரமும் போகும், கிருமியும் குறையும். பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் போடும்போது காதுக்கு மேல் தளர்த்தி இழுங்கள். பேன்சீப்பு கவனம்! அதன் பல்லில் தோட்டின் பூட்டு மாட்டி, ஒரே இழுப்பில் 3 வாரத்து ஆறுதல் போய்விடும். சட்டை கழற்றும்போது கழுத்துப் பட்டி, தொப்பி கழற்றும்போது கம்பளி நூல், எல்லாம் அதே ரகம். தலைக்குக் குளித்தால் ஷாம்பு நுரை காதின் பின்பக்கம் நிற்காமல் கழுவி, பிறகு கொதித்தாறிய தண்ணீரால் ஒருமுறை அலசி உலர்த்துங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் காதுவரை போக வேண்டாம். கத்தரிக்காய், கருவாடு, முட்டை ஆகாது என்று பத்தியம் பிடிப்பதற்கு உறுதியான ஆதாரம் ஒன்றுமில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையைக் கொடுங்கள்.

இனித் தங்கச்சியின் காது. எனக்குக் கவலை தருவது இதுதான். காதுமடலின் கீழ்ச்சோணை கொழுப்பும் தோலும், இரத்தம் தாராளமாக ஓடும் இடம். 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். மேல்பக்கம் குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஊறி வரும் உணவில்தான் அது வாழ்கிறது. ஆகவே ஆற 4 மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை போகும். அங்கே சீழ் பிடித்தால் சீழ் அந்தச் சவ்வைக் குருத்தெலும்பிலிருந்து கிளப்பிவிடும், குருத்தெலும்பு பட்டினியில் சாகும், காது சுருங்கி உருக்குலையும். உருக்குலைந்த காதைப் பழையபடி ஆக்குவது மிகக் கடினம். அந்த இடத்தை அதிகம் தாக்குவது சூடோமோனாஸ் என்ற பக்டீரியா. தண்ணீரும் ஈர மண்ணும் அதன் வீடு. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் காது குத்திய பலருக்கு இந்தக் கிருமி தொற்றியது. விசாரித்துப் பார்த்தால், கடையில் தெளித்த கிருமிநீக்கிப் போத்தலுக்குள்ளேயே அது வளர்ந்துகொண்டிருந்தது. உறுதியான தொற்று வந்தவர்கள் எல்லாரும் மேல்காதில் குத்தியவர்கள். அதனால்தான் தங்கச்சி விஷயத்தில் பீலித் தண்ணீர், ஆற்றுக் குளிப்பு இரண்டையும் கண்டிப்பாகத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். தலை கழுவும்போது காதை மடித்து மூடுவதைவிட, குனிந்து முன்பக்கமாகக் கழுவிவிட்டு உடனே சேலைன் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மலைக்குப் போகும்போது கூடைக்கயிறு தலையில் படிந்து காதை ஒட்டி இறங்கும். கொழுந்து நிறைய நிறையக் கயிறு இறுகி, குத்திய இடத்தை நாளெல்லாம் உரசும், தண்டைச் சாய்க்கும். துளை சாய்ந்து ஆறினால் அதன் பக்கத்தில் ஒரு சதைக் கட்டி எழும்பும். தலைத்துணியைக் காதுக்கு மேலே மடித்துத் தடிப்பாகக் கட்டி, கயிறை உச்சிக்குப் பின்னால் தள்ளிப் போடலாம். முடிந்தால் கொஞ்ச மாதத்துக்குத் தோள்பட்டையில் போடும் பை. மழையில் நனைந்த துணியை அப்படியே காதில் கட்டிக்கொண்டு பின்னேரம்வரை நிற்கக் கூடாது, பையில் ஒரு உலர்ந்த துணி எப்போதும் இருக்கட்டும். அந்தக் காதில் சாய்ந்து படுக்கவும் வேண்டாம். துவாயை வளையமாகச் சுருட்டி அதன் குழிக்குள் காது வரும்படி வைத்தால், புரண்டு படுத்தாலும் அழுந்தாது.

கன்னால் மேல்காதில் குத்துவது குருத்தெலும்பை நொறுக்கும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஊசியைவிடக் கன் உண்மையில் எவ்வளவு கூடுதலாகச் சேதம் செய்கிறது என்பது இன்னும் விவாதத்தில் உள்ள விடயம். விவாதமே இல்லாதது இது: பெரும்பாலான கன்களின் உடல் பிளாஸ்டிக், 121 பாகை நீராவியில் வைத்துக் கிருமி நீக்க அதால் தாங்காது. ஆகவே மேல்காதுக்கு அது ஏற்ற கருவியல்ல. குத்தியது குத்தியாயிற்று, இனிக் கவனிப்புதான்.

எப்போது ஆஸ்பத்திரி? மகளுக்கு: சீழ், பரவும் வீக்கம், காய்ச்சல், தோடு புதைவது, இவற்றில் ஒன்று. தங்கச்சிக்கு இவ்வளவுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று கூடி, மேல்காது முழுவதும் வீங்கி, கீழ்ச்சோணை மட்டும் வழக்கம்போல இருந்தால் அது குருத்தெலும்புச் சவ்வில் தொற்று என்பதற்கு மிகத் தெளிவான அடையாளம். அன்றைக்கே போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும். தோட்ட மருந்துச்சாலையில் காட்டுவதானால் 'காது வலி' என்று மட்டும் சொல்லாமல் 'மேல்காதில் குத்தியது, 3 வாரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். காது மூக்குத் தொண்டை வைத்தியர் பார்க்க வேண்டியிருக்கலாம், நுவரெலியா அல்லது கண்டிக்கு அனுப்பினால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் மாத்திரையைப் போட்டுப் பார்ப்போம் என்பது இங்கே ஆபத்தான யோசனை. சூடோமோனாஸை அமொக்சிசிலின் ஒன்றும் செய்யாது. 3 நாள் போய்விடும், அந்த 3 நாள்தான் காது. எந்த மருந்து, எவ்வளவு என்பது பார்க்கும் வைத்தியர் முடிவு செய்ய வேண்டியது. இன்னொன்று, சீழ் பிடித்தது என்று பயந்து தோட்டைக் கழற்றி எறியாதீர்கள். துளையின் வாய் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளே சிறைப்படும். வைத்தியர் சொன்னால் கழற்றலாம்.

சீழ் போலத் தோன்றிச் சீழ் அல்லாத இன்னொன்று ஒவ்வாமை. இரண்டு காதும் ஒரே மாதிரி அரித்து, செதிலாகி, நீர் கசிந்தால், வலியைவிட அரிப்பே முந்தி நின்றால், பெரும்பாலும் காரணம் தோட்டில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம். தொற்று அநேகமாக ஒரு காதில் வரும், வலிக்கும். நிக்கல் ஒவ்வாமை இரண்டிலும் வரும், அரிக்கும். ஒருமுறை வந்தால் ஆயுசு முழுக்க உடம்பு அதை மறக்காது, அதனால்தான் முதல் தோடு என்ன உலோகம் என்பதில் இவ்வளவு கறார். ஐரோப்பாவில், குத்திய துளையில் போடும் தண்டிலிருந்து வாரத்துக்கு சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது எளிது: டைட்டேனியம் மிக நல்லது, 22 கரட் தங்கம், அதாவது 91.6 வீதம், நல்லது, கவரிங் கூடாது, வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கலாம். மாதங்கள் கழித்துத் துளைக்குப் பின்னால் இறுகிய உருண்டை வளர்ந்து துளையைவிடப் பெரிதாகிக்கொண்டே போனால் அது கெலாய்ட். நம் தோலில் அது சற்று அதிகம். அம்மா, சித்தி யாருக்காவது இருந்தால் உங்களுக்கும் வரலாம். சும்மா வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும், சிறிதாக இருக்கும்போதே தோல் வைத்தியரிடம் ஸ்டீரொய்ட் ஊசி பற்றிக் கேளுங்கள்.

ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அட்டையை எடுத்துப் பாருங்கள். மகளுக்கு 5 வயதில் போடும் ஊசியும், தங்கச்சிக்குப் பாடசாலையில் போடும் ஊசியும் பதிந்திருந்தால் கவலையில்லை. விடுபட்டிருந்தால் குடும்பநல மாதுவிடம் சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்தன்று மகளுக்குச் சரியாக 8 வாரம். கசிவு நின்று, அழுத்தினால் நோகாமல், தோடு தானாக வழுக்கினால் அன்றைக்கு மாற்றிப் போடலாம். கசிவு இன்னும் இருந்தால் அதே கல்தோடுதான், கல்யாண வீடு குறைந்துவிடாது. மாற்றுவதானால் முகூர்த்த நேர அவசரத்தில் வேண்டாம், முதல் நாள் பின்னேரமே ஒத்திகை பாருங்கள். சேலைனில் நனைத்து, பழையதைக் கழற்றிய கையோடு மெல்லிய கொக்கி வைத்த, புரி இல்லாத ஜிமிக்கியை முன்பக்கமிருந்து நேராக நுழையுங்கள். போகவில்லை என்றால் திருகி நுழைக்காமல் பழைய தோட்டையே திரும்பப் போட்டுவிடுங்கள். இந்த வயதுத் துளை சில மணித்தியாலத்திலேயே சுருங்கிவிடும் என்பதால் வெறுமையாக விடக் கூடாது. எடைதான் அடுத்தது. ஒரு பவுன் 8 கிராம்; ஜோடி ஒரு பவுன் என்றால் காதுக்கு 4 கிராம், 8 வாரத்துக் காதுக்கு அது பாரம், துளை கீழ்நோக்கி நீண்டுவிடும். காதுக்கு 2 கிராமுக்குள் இருக்கட்டும், மாட்டல் போட்டுப் பாரத்தைத் தலைமுடியில் ஏற்றிவிடுங்கள். படம் பிடித்து முடிந்ததும், சாப்பாட்டுப் பந்திக்கு முன் கழற்றிக் கழுவிய கல்தோட்டைத் திரும்பப் போட்டால் போதும். தங்கச்சி அன்றைக்கும் குத்தியபோது போட்டதையே போட்டிருக்கட்டும். அவருடைய மாற்றுத் தோடு அடுத்த வருடக் கல்யாணத்துக்கு.